தாமிரபரணிக்கு ஒரு துபாய் சர்டிபிகேட்

தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்பை எந்த நோயும் தீண்டாது. பொதிகை மலையில் பிறந்து, மூலிகை வேர்களைக் கழுவிக்கொண்டு, செம்புச் சத்தோடு இறங்கி வருகிற அந்தத் தீர்த்தத்துக்கு ஈடாக இந்தப் பூமியில் இன்னொரு நீர் கிடையாது. ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறை என்ஜினீயர் ஆவுடைநாயகம் பிள்ளை இந்த உண்மையை ஒவ்வொரு பௌர்ணமிக்கும் திருநெல்வேலி டவுணில் மைக் பிடித்து அறிவிப்பார். அறிவித்துவிட்டு வீட்டுக்கு வந்து ரத்தக் கொதிப்புக்கு ஒன்று, மூட்டுவலிக்கு ஒன்று, வாயுவுக்கு ஒன்று என்று மூன்று மாத்திரை விழுங்குவார். மூன்றையும் தாமிரபரணித் தண்ணீரில்தான் விழுங்குவார் என்பதை அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள்.

அவர் தாமிரபரணி தீர்த்த மகிமை சபையின் தலைவர். சபை, செயலாளர் காசிலிங்கத்தின் பாத்திரக்கடை மாடியில் நடந்தது. உறுப்பினர்கள் நாற்பத்திரண்டு பேர். சுண்டல் உண்டு என்று தெரிந்தால் அறுபது பேர். தலைவருக்கென்று தங்க விளிம்பு போட்ட விசிட்டிங் கார்டு அடித்திருந்தார்கள். அதில் பெயர், பட்டம், பதவி எல்லாம் போட்ட பிறகு வீட்டு விலாசத்துக்கு இடம் இல்லாமல் போனதால் சபையின் விலாசம் மட்டும் இருந்தது.

தொண்ணூற்றாறாம் வருஷம் சித்திரை மாதத்தில், துபாயில் இருந்த மகள் ப்ரியாவும் மருமகன் நடராஜும் இரண்டு மாதம் வந்து இருக்கும்படி டிக்கெட் அனுப்பினார்கள். செய்தி தெரிந்ததும் காசிலிங்கத்துக்கு ஒரு யோசனை உதித்தது. நம் தண்ணீரின் பெருமையை நாமே எத்தனை நாளைக்குச் சொல்லிக்கொண்டிருப்பது, வெளிநாட்டுக்காரன் வாயால் சொல்ல வைக்க வேண்டும், துபாயில் சோதனை செய்து ஒரு சர்டிபிகேட் வாங்கி வந்தால் ஆண்டு மலரில் முதல் பக்கத்தில் போட்டுவிடலாம் என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சபையைப் பெருக்கிப் பானையில் தண்ணீர் கொண்டு வைக்கிற பேச்சித்தாய், விடியற்காலையில் குறுக்குத்துறைக்குப் போய்ப் பத்து லிட்டர் கேன் ஒன்றில் தண்ணீர் பிடித்து வந்தாள். காசிலிங்கம் அதன் வாயில் அரக்கு வைத்து முத்திரை குத்தினார்.

ஆவுடைநாயகம் கணக்குப் போட்டார். சோதனைக்கு இரண்டு லிட்டர். மீதி எட்டு லிட்டர் தலைவர் குடிப்பதற்கு. அறுபது நாளைக்கு எட்டு லிட்டர் என்றால் நாளொன்றுக்குச் சின்ன டம்ளரில் ஒரு டம்ளர். அணைக்கட்டுகளில் முப்பத்து மூன்று வருஷம் தண்ணீர் பங்கிட்டவருக்கு இது ஒரு பெரிய காரியமாகத் தெரியவில்லை. கடல் தண்ணீரில் உப்பை எடுத்துவிட்டுக் குழாயில் விடுகிறார்களாம், அதைத் தொண்டைக்குள் இறக்க முடியாது என்று மனைவி கோமுவிடம் சொன்னார். காபிக்கு அந்தத் தண்ணீர்தானே என்று கோமு கேட்டாள். கொதித்துவிட்ட தண்ணீருக்குச் சொந்த ஊர் கிடையாது என்று தீர்ப்பு வந்தது.

துபாயில் அப்போது நாற்பத்துநான்கு டிகிரி வெயில். காலையில் ஒரு காபி, சாயங்காலம் ஒரு காபி, மத்தியானம் பூஜை போல ஒரு டம்ளர் தாமிரபரணி. ப்ரியா குளிர்பெட்டியிலிருந்து பாட்டில் எடுத்து நீட்டுவாள். அவர் கையைக் கூப்பி மறுப்பார். மருமகனின் நண்பர்கள் பார்க்க வந்தபோது, இந்தத் தள்ளாத வயதிலும் தாகம் என்றால் என்னவென்று தனக்குத் தெரியாது என்றும், அது சிறு வயதில் குடித்த தண்ணீரின் பலம் என்றும் அரை மணி நேரம் பேசினார். பேசி முடித்தபோது உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டது.

இருபதாம் நாள் காலையில் குளியலறைக்குள் போனவர், "முருகா" என்றார். கடவுள் பெயரை அவர் அந்த இடத்தில் சொல்லி யாரும் கேட்டதில்லை.

நீர் பிரியும்போது நெருப்பாக எரிந்தது. நாலு சொட்டு வருவதற்குள் கண்ணில் எட்டு சொட்டு வந்துவிடும். வெளியே வந்து உட்கார்ந்தால் மறுபடியும் போக வேண்டும்போல இருக்கும். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, கோமுவிடம் மட்டும் ஜாடையாகச் சொன்னார். சூட்டுக்கடுப்பு என்று அவள் உடனே சொல்லிவிட்டாள். தண்ணியைக் குடித்தால் சரியாகும் என்றும் சொன்னாள். அதைத் தவிர வேறு வைத்தியம் கேட்டார். அவள் மலையாளத்தான் கடையில் வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்கி வரச் செய்து அவருடைய இரண்டு கால் பெருவிரலிலும் அப்பினாள்; தொப்புளில் விளக்கெண்ணெய் விட்டாள். வெள்ளை விரல்களோடு மாமனார் கூடத்தில் நடமாடுவதைப் பார்த்த நடராஜ், ஏதோ சைவ விரதம் என்று நினைத்து அந்த வாரம் முட்டை வாங்குவதை நிறுத்தினான்.

மருமகனிடம் சொல்லலாமென்றால் எப்படிச் சொல்வது? நடராஜ் வந்தால் அவர் மேல்துண்டை எடுத்துப் போர்த்திக்கொள்வார், அவன் நின்றால் இவர் உட்கார மாட்டார், இவர் நின்றால் அவன் உட்கார மாட்டான். ஆறு வருஷ உறவில் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் மழை, ரயில், சாப்பாடு மூன்றைப் பற்றித்தான். இதில் போய், "மாப்ளே, எனக்கு ஒண்ணுக்கு..." என்று தொடங்குவதைவிட உயிரை விடுவது மரியாதை. ப்ரியாவிடம் சொல்லக் கூடாது என்று கோமுவிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

ஆனால் அந்த வீட்டில் குளியலறை ஒன்றுதான். ஒரு காலையில் ஏழு முறை அவர் உள்ளே போய்விட்டு வந்ததில், நடராஜ் பாதி முகத்துச் சவர நுரையோடு நாற்பது நிமிஷம் வெளியே காத்திருந்தான். அன்றைக்கு அவன் மெதுவாகக் கேட்டான்: "மாமா, உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"இடுப்புல லேசா ஒரு பிடிப்பு, மாப்ளே," என்றார் ஆவுடைநாயகம்.

அதனால் அவரை இடுப்புக்கு வைத்தியம் பார்க்க அழைத்துப்போனார்கள். ஆஸ்பத்திரி முகப்பில் விலாசம் கேட்டபோது அவர் தங்க விளிம்புக் கார்டை எடுத்து வைத்தார். இடுப்பை நேராக ஒரு படம், சாய்த்து ஒரு படம் எடுத்தார்கள். டாக்டர் கோட்டயத்துக்காரப் பெண். படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, அறுபத்துநாலு வயதுக்கு இவ்வளவு நல்ல இடுப்பை நான் பார்த்ததில்லை என்றார். ஆவுடைநாயகம் அந்த நிலையிலும், அது தாமிரபரணித் தண்ணீர் என்று சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

அங்கே அவர் முருகனை அழைத்த சத்தம் வெளியே கேட்டது. கதவைத் திறந்து வந்தபோது நீலச் சட்டை போட்ட ஆஸ்பத்திரிப் பணியாள் ஒருவன் நின்றிருந்தான். சோதனைக்கு ரத்தமும் மற்றதும் வாங்கிப்போகிற வேலை அவனுக்கு. பெயர் தாவூது, ஊர் காயல்பட்டினம்.

"அண்ணாச்சி, ஒண்ணுக்குப் போனா எரியுதா?" என்று கேட்டான்.

பெற்ற மகளும் கேட்க முடியாத, கட்டிய மனைவியும் ஜாடையில் பேசிய விஷயத்தை இந்த மனிதன் மணி என்ன என்று கேட்பதுபோலக் கேட்டுவிட்டான். ஆவுடைநாயகத்துக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"கொஞ்சம்," என்றார்.

"கொஞ்சமா? நீங்க போட்ட சத்தத்துல அந்தப் பக்கம் தொழுதுக்கிட்டு இருந்தவரே திரும்பிப் பாத்துட்டாரு. எந்த ஊரு?"

"திருநெல்வேலி டவுணு."

"அப்ப ஒரே தண்ணிதான். நீங்க குளிச்சு விட்ட மிச்சத்தைத்தானே கீழ நாங்க குடிக்கோம்," என்று சொல்லிக்கொண்டே அவன் அவர் கையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தான். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்று, மடை திறக்கிறவனுக்குச் சொல்வதுபோல விளக்கினான். ஆவுடைநாயகம் பத்து நிமிஷம் போராடி, டப்பாவின் கால்வாசிக்குப் பிடித்துக் கொண்டுவந்தார். அது பனங்கருப்பட்டிப் பாகு நிறத்தில் இருந்தது. தாவூது அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனான். டாக்டரிடமும் அவனே போய்ச் சொல்லிவிட்டான்.

டாக்டர் அவரை மறுபடி கூப்பிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டார். ஒன்று என்றார். ஏன் என்று கேட்டார். சபையில் நாற்பது நிமிஷத்தில் சொல்வதை அவர் நாலு நிமிஷத்தில் சுருக்கிச் சொன்னார். டாக்டர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தண்ணீர் போதாமல் சிறுநீர்ப் பாதையில் கிருமி வந்து குடியேறியிருக்கிறது, ஏழு நாளைக்கு மாத்திரை, ஆயுள் முழுக்க நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர், எந்த ஊர்த் தண்ணீர் என்பதைப் பற்றிச் சிறுநீரகத்துக்குக் கவலை இல்லை என்றார். முழு ரிசல்ட் வர நாலு நாள் ஆகும், வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். வெளியே நடராஜ் கேட்டதற்கு, இடுப்பு நன்றாக இருக்கிறதாம் என்று ஆவுடைநாயகம் பதில் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அது நடந்தது. எரிச்சல் இல்லை, நிறுத்தம் இல்லை, முருகன் இல்லை. மதகு திறந்த கார்ப்பருவ வாய்க்கால் போலச் சலசலவென்று போய்க்கொண்டே இருந்தது. அவர் சுவரில் ஒரு கையை ஊன்றி, கண்ணை மூடி, அப்படியே நின்றார். உத்தியோக காலத்தில் எத்தனையோ அணை திறப்பு விழாக்களுக்குப் போயிருக்கிறார். இவ்வளவு மனநிறைவோடு எதிலிருந்தும் திரும்பியதில்லை.

அதன் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. முதலில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் குளிர்பெட்டியைத் திறந்தார். அடுத்த வாரம் ஆட்களுக்கு முன்னாலேயே திறந்தார். உப்பெடுத்த கடல் தண்ணீர் ஒன்றும் மோசமில்லை என்று கோமுவிடம் ரகசியமாகச் சொன்னார். கேனில் ஆறு லிட்டருக்குக் குறையாமல் மிச்சம் இருந்தது. அது வீணாவானேன் என்று கோமு அதில் தினமும் துவரம்பருப்பு வேகவைத்தாள். பருப்பு பஞ்சாக வெந்தது. சோதனைக்கு வைத்திருந்த இரண்டு லிட்டரும் சாம்பாராகி, நடராஜின் நண்பர்கள் பாராட்டிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ரிசல்ட் வாங்க அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே திரும்பவில்லை. உடம்பு சரியான பிறகு காகிதம் எதற்கு?

ஊர் திரும்பினதும் காசிலிங்கம் ஆரத்தித் தட்டுப் போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். சர்டிபிகேட் எங்கே?

"குடுத்திருக்கேன். பைய வரும். அவன் நம்மளை மாதிரி அவசரக் குடுக்கை இல்லைல்லா," என்றார் ஆவுடைநாயகம். நாலு மாதம் போனால் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. அணைக்கட்டு இலாகாவில் அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பினதில்லை.

ஆடிப் பௌர்ணமிக்கு ஆண்டு விழா. மாடி நிரம்பி, படிக்கட்டிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலப் பத்திரிகை நிருபர் ஒருவர் முன் வரிசையில் இருந்தார். வெளியே தெருவைப் பார்த்து இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. துணைத் தலைவர் சிவசங்கரன், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், பதினோரு வருஷமாகத் தலைவராகக் காத்திருப்பவர், வரவேற்புரை ஆற்றினார். பிறகு காசிலிங்கம் எழுந்து, சபையோருக்கு ஓர் இன்ப அதிர்ச்சி என்றார். போன வாரம் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் விடுமுறையில் வந்தவர், கார்டில் இருந்த விலாசத்தைத் தேடிப் பிடித்து, துபாயில் அண்ணாச்சி சோதனைக்குக் கொடுத்ததன் ரிசல்ட் இது, வாங்காமல் வந்துவிட்டார் என்று ஒரு கவரைக் கடையில் கொடுத்துவிட்டுப் போனாராம். மேற்கொண்டு கேட்டதற்கு அவர் பண்பாகச் சிரித்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லையாம். தலைவருக்கே சொல்லாமல் மேடைக்கென்று வைத்திருந்ததாகச் சொல்லி, மல்லிகைச் சரம் சுற்றிய கவரை ஒரு தட்டில் வைத்து நீட்டினார்.

கவரின் மூலையில் இருந்த ஆஸ்பத்திரி முத்திரையைப் பார்த்ததும் ஆவுடைநாயகம் நாற்காலியின் நுனிக்கு வந்தார். கையை நீட்டினார். அதற்குள் சிவசங்கரன், ஆங்கிலம் இருக்கும், நானே வாசித்து மொழிபெயர்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்.

தாளின் மேல்பாதி அரபி. அதற்குக் கீழே ஆவுடைநாயகத்தின் பெயர். அது சரிதான், கொடுத்தவர் அவர்தானே. என்ன பொருள் என்று எழுதுகிற கட்டத்தில் டாக்டர் கையெழுத்தில் ஒரு கிறுக்கல். அதைச் சிவசங்கரன் தாண்டிப்போனார். மற்றதெல்லாம் தெளிவாக அச்சடித்திருந்தது.

"நிறம்," என்று மைக்கில் வாசித்தார். "கருமஞ்சள்."

சபை காத்திருந்தது.

"தோற்றம், கலங்கல்." கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "உப்புப் படிகங்கள், உண்டு. கிருமிகள், மிக அதிகம். சீழ் அணுக்கள்..." அந்த இடத்தில் அவர் குரலில் துக்கத்தோடு வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்துகொண்டது. "ஏராளம்."

மூன்றாம் வரிசையில் பானைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரை ஓசைப்படாமல் கீழே வைத்தார். தெருவில் சைக்கிள்கள் நின்றன. நிருபர் தலைப்பே எழுதிவிட்டார். பக்கத்தில் இருந்தவர் அதைச் சத்தமாகப் படித்தார்: தாமிரபரணியில் சீழ், துபாய் நிபுணர்கள் அதிர்ச்சி. கலெக்டரிடம் ஊர்வலமாகப் போக வேண்டும் என்று ஒருவர் சொன்னார். சபையையே கலைத்துவிடலாமா என்று இன்னொருவர் கேட்டார். இத்தனை காலம் சபையை வழிநடத்தியவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்று சிவசங்கரன் மைக்கை விடாமல் சொன்னார்.

ஆவுடைநாயகம் நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்தால் ஆற்றின் பெயர் போகும்; பேசினால் அவர் பெயர் போகும். ஆற்றுக்கு இதற்கு முன்னும் எவ்வளவோ வந்து போயிருக்கிறது, அது தாங்கிக்கொள்ளும் என்று ஒரு நிமிஷம் அவருக்குத் தோன்றியது. அந்த நிமிஷத்தில் அவர் ஒன்றும் பேசவில்லை.

அப்போது காசிலிங்கம் கதவோரம் திரும்பினார். சுண்டல் சட்டியோடு பேச்சித்தாய் நின்றிருந்தாள்.

"ஏட்டி, அன்னைக்கு அந்தக் கேன்ல எங்கன போயி மோந்துட்டு வந்தே? சாக்கடையிலயா?"

"நான் இடுப்பளவு தண்ணியில எறங்கி நின்னுல்லா மோந்தேன், மொதலாளி. எங்க வீட்டுக்கும் அதைத்தான் எடுத்துட்டுப் போனேன்."

"பொய் சொல்லாதே. ஆத்துக்குப் போகச் சோம்பல்பட்டு எங்கயோ பிடிச்சிருக்கே. ஊரு மானத்தையே வாங்கிட்டே. நாளையிலருந்து இங்க வராதே."

கூட்டத்துக்குச் சட்டென்று ஓர் ஆறுதல் பிறந்தது. ஆறு சுத்தம்தான், பிடித்தவள்தான் சரியில்லை என்று நாலு பக்கமும் சொல்லிக்கொண்டார்கள். நிருபர் தலைப்பை அடித்துவிட்டு, அவளுடைய பெயர் என்ன என்று கேட்டார். பேச்சித்தாய் சட்டியைத் தரையில் வைத்தாள். அவள் அழவில்லை. தலைவரைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. அந்தத் தண்ணியைக் குடிச்சிருப்பீயள்லா. அப்படியா இருந்துச்சு?"

ஆவுடைநாயகம் எழுந்தார். எழுந்தவுடன் வழக்கம்போலக் கை தட்டினார்கள். பெண்கள் வரிசையில் கோமு புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்குவதைப் பார்த்தால் அழுகையாகத் தெரியவில்லை. அவர் சிவசங்கரனின் கையிலிருந்து தாளை வாங்கினார். மைக்கையும் வாங்கினார். தாளை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படித்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்; அது குழாய் ஸ்பீக்கர் வழியாகத் தேரடி வரைக்கும் போய்வந்தது.

"பேச்சித்தாய் மேல தப்பு இல்ல," என்றார். "ஆத்து மேலயும் தப்பு இல்ல. அந்தக் கேன் தண்ணியை நான் சோதனைக்கே குடுக்கல. அது சாம்பாருக்கு ஆயிட்டு."

அப்படியானால் இது என்ன என்று காசிலிங்கம் கேட்டார்.

"இது என் மூத்திரம்," என்றார் ஆவுடைநாயகம்.